ஜோசப் மீக்கும் ஒறிகன் எல்லைப்புறமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றை எழுதியோருள் பிரடெரிக் ஜாக்சன் ரேணர் தனியிடம் பெறுபவர். 1893 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் அவர் வாசித்த கட்டுரை, அமெரிக்க சமூகத்தின் தனித்தன்மையை உருவாக்கியது மேற்கு நோக்கி இடையறாது நகர்ந்துகொண்டிருந்த எல்லைப்புறமே எனக் கூறியது. அவ்வெல்லைப்புறத்தில் முதலில் வேட்டைக்காரனும் மென்மயிர் வணிகனும், அவர்களை அடுத்து மந்தை மேய்ப்போனும், அவனுக்குப் பின் உழவனும் அணிவகுத்துச் சென்றனர் என்பது அவர் தீட்டிய சித்திரமாகும். ஒவ்வொரு கட்டமும் அதற்கு முந்தியதைவிட உயர்ந்ததொரு படியாகவே அதில் தோற்றமளிக்கின்றது. வேட்டைக்காரன் நாகரிகத்தின் முன்தூதுவன். உழவன் அதன் நிறைவு. இவ்விருவருக்கும் முன்னரே அந்நிலத்தில் வாழ்ந்த மக்களோ இச்சித்திரத்தின் ஓரத்தில் நிற்கின்றனர்.

ஆனால் வேட்டைக்காரனாகத் தொடங்கிக் குடியேற்றவாசியாக முடிந்த ஒரு தனிமனிதனின் வாழ்க்கையை எடுத்து நோக்குமிடத்து இச்சித்திரம் வேறு வடிவம் பெறுவதைக் காணலாம். றொக்கி மலைத்தொடரில் பதினொரு ஆண்டுகள் பீவர் வேட்டையாடி, பின்னர் ஒறிகன் நாட்டிற் குடியேறி, அங்கு அமைந்த அரசின் முதல் அதிகாரிகளுள் ஒருவராக விளங்கிய ஜோசப் மீக் (1810–1875) என்பாரின் வாழ்க்கை இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். மீக் ஒரு நாகரிகப் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறியவர் அல்லர். உலகச் சந்தையும் அரசும் ஒரு நிலப்பரப்பைக் கைப்பற்றிய ஒரே செயன்முறையின் இரு முனைகளிலும் நின்றவர் என்பதும், முதல் முனையில் அவருக்கு உறவினராய் இருந்தோரே இரண்டாம் முனையில் அவர் கட்டியெழுப்பிய சட்டத்திற்குப் பலியாயினர் என்பதுமே இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படும் கருத்தாகும்.

மீக் 1810 இல் வேர்ஜீனியா மாநிலத்தின் வாஷிங்ரன் கவுண்டியிற் பிறந்தார். பள்ளிக் கல்வியில் நாட்டமற்ற இளைஞராக மேற்கே மிசூரிக்குச் சென்ற அவர், 1829 இல் வில்லியம் சப்ளெற் என்னும் மென்மயிர் வணிகரின் குழுவிற் சேர்ந்து மலைநாடு புகுந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. குளிர்காலப் பாசறைகளில் ஓய்ந்திருந்த வேட்டைக்காரர் நூல்களை உரக்க வாசித்தும் விவாதித்தும் பொழுது போக்குவது வழக்கம். அதனை அவர்கள் வேடிக்கையாக 'றொக்கி மலைக் கல்லூரி' என அழைத்தனர். மீக் எழுத்தறிவு பெற்றதும் அக்கல்லூரியிலேயே எனக் கூறப்படுகின்றது.

மலைநாட்டு வேட்டைக்காரரைத் தளையற்ற சுதந்திர மனிதராகக் காட்டுவது பிற்காலக் கதைகளின் இயல்பு. அவர்களின் பொருளாதார நிலையை ஆராயின் இக்கூற்று நிலைக்காது. பீவர் என்பது ஆறுகளிலும் ஓடைகளிலும் மரக்கிளைகளால் அணைகட்டி வாழும் கொறிவிலங்கு. அதன் தோலின் அடிமயிர் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்ளும் இயல்புடையது. அம்மயிரை அழுத்தித் திரட்டி இலண்டனிலும் பாரிசிலும் கனவான்கள் அணியும் உயர்ந்த தொப்பிகளைச் செய்தனர். பனி உருகும் ஓடையில் இடுப்பளவு நீரில் நின்று, இரும்புப் பொறியை நீருக்கடியிற் பொருத்தி, பீவரின் வாசனைச் சுரப்பைத் தடவிய குச்சியை அதன்மேல் நாட்டிவைத்த மனிதன், தான் ஒருபோதும் காணாத நகரங்களின் நாகரிக மோகத்திற்கே உழைத்துக்கொண்டிருந்தான்.

இவ்வுழைப்பின் பயன் யாருக்குச் சென்றது என்பதை ஆண்டுச் சந்திப்புகள் எனும் ஏற்பாடு தெளிவாகக் காட்டும். 1825 இல் வில்லியம் அஷ்லி என்பார் தொடக்கிவைத்த இவ்வழக்கத்தின்படி, கோடையில் மலைநாட்டின் குறித்ததோரிடத்தில் வேட்டைக்காரரும் சுதேச மக்களும் கூடுவர். சென்ற் லூயிஸ் நகரிலிருந்து பொதிமிருகங்களில் வெடிமருந்து, ஈயம், புகையிலை, கோப்பி, சீனி, துணி, மதுபானம் ஆகியன கொண்டுவரப்படும். வேட்டைக்காரர் ஓராண்டாகச் சேர்த்த தோல்களை அங்கு கொடுத்துப் பொருள்களைப் பெறுவர். அப்பொருள்களின் விலை நகர விலையினும் பன்மடங்கானது. குளிரிலும் பசியிலும் சேர்த்த ஓராண்டு வருவாய் சில நாள்களிற் கரைந்துபோக, அடுத்த ஆண்டுக்கான பொறிகளையும் மருந்தையும் கடனாகப் பெற்று மீண்டும் மலையேறியோர் பலர். சிலர் கொம்பனியின் நேரடிக் கூலியாட்கள். ஏனையோர் 'சுயேச்சை வேட்டைக்காரர்' எனும் பெயரைத் தாங்கிய கடனாளிகள். மீக் இவ்விரு நிலைகளையும் அனுபவித்தவர்.

இவ்வாணிகம் தன் அடிப்படையைத் தானே அழிக்கும் தன்மையுடையதாகவும் இருந்தது. அக்காலத்தில் ஒறிகன் எனப்பட்ட பரந்த பிரதேசம், 1818 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் ஒருங்கே திறந்துவிடப்பட்டிருந்தது. பிரித்தானிய ஹட்சன் விரிகுடாக் கொம்பனியின் வட அமெரிக்க நிருவாகியான ஜோர்ஜ் சிம்ஸன், அமெரிக்க வேட்டைக்காரர் கொலம்பியா ஆற்றை அணுகாதிருக்க ஒரு வழி வகுத்தார். கொலம்பியாவுக்குத் தெற்கேயுள்ள ஓடைகளில் ஒரு பீவர்கூட எஞ்சாதபடி வேட்டையாடி, அப்பகுதியை மென்மயிர்ப் பாலையாக ஆக்கிவிடுவதே அவ்வழி. 1824 முதல் பீற்றர் ஸ்கீன் ஒக்டன் என்பாரின் தலைமையிற் சென்ற குழுக்கள் இதனை நிறைவேற்றின. எதிர்ப்புறத்தே அமெரிக்கக் கொம்பனிகளும் ஒன்றையொன்று முந்தும் போட்டியில் ஓடைகளை வெறுமையாக்கின. அதே காலத்தில் ஐரோப்பாவிற் பட்டுத் தொப்பி நாகரிகமாகியது. பீவர்த் தோலின் விலை வீழ்ந்தது. 1840 இல் கிறீன் ஆற்றங்கரையில் நிகழ்ந்த சந்திப்பே இறுதிச் சந்திப்பாயிற்று. ஆகவே, வேட்டைக்காரன் உழவனானமை நாகரிக வளர்ச்சியின் இயல்பான படிமுறை அன்று. வேலை இழந்த தொழிலாளி பிழைப்புக்காக வேறிடம் தேடியமையே அது.

மலைநாட்டு வாழ்க்கைக்கு மற்றுமொரு பக்கமும் உண்டு. வேட்டைக்காரர் தங்கி வாழ்ந்தது சுதேச மக்களின் நாட்டில். பாதைகளை அறிதல், தோலைப் பதனிடல், உடை தைத்தல், பகைவரிடமிருந்து பாதுகாப்புப் பெறுதல் ஆகிய அனைத்திற்கும் அம்மக்களின் உறவு அவர்களுக்குத் தேவைப்பட்டது. இவ்வுறவு பெரும்பாலும் மணவினை மூலம் ஏற்பட்டது. மீக்கின் முதல் மனைவி ஷொஷோனி இனத்தவர். ஒரு மோதலின்போது அம்பு தைத்து இறந்தார். அவருக்குப் பின் நெஸ் பேர்ஸ் இனப் பெண் ஒருவரை மணந்து, ஹெலன் மார் எனும் பெண் குழந்தைக்குத் தந்தையானார். அத்தாய் பிரிந்து சென்றபின், வேர்ஜீனியா எனத் தாம் பெயரிட்டழைத்த மற்றொரு நெஸ் பேர்ஸ் பெண்ணை மணந்தார். அம்மணவாழ்க்கை மீக்கின் இறுதிவரை நீடித்தது. அக்கால வேட்டைக்காரருட் பலர் சுதேச மனைவியரைப் பின்னர் கைவிட்டனர் என்பதை நோக்க இது குறிப்பிடத்தக்கதாகும்.

1840 இல் மீக்கும் அவர்தம் நண்பர்களான றொபேட் நியூவெல், கலெப் வில்கின்ஸ் ஆகியோரும் தத்தம் குடும்பத்தினருடன் ஒறிகன் நோக்கிப் புறப்பட்டனர். ஹோல் கோட்டையிலிருந்து அவர்கள் ஓட்டிச் சென்ற வண்டிகள், புதர்க்காட்டையும் மலையையும் கடக்கவேண்டி மேற்கூட்டை இழந்து வெறும் சில்லுகளும் சட்டங்களுமாகவே கொலம்பியாப் பிரதேசத்தை அடைந்தன. ஆயினும் அத்தூரம்வரை வண்டி செல்லக்கூடும் என்பது அவற்றால் முதன்முறையாக நிறுவப்பட்டது. மூன்றாண்டுகளின் பின், 1843 இல், ஏறத்தாழ ஆயிரம் குடியேற்றவாசிகள் ஒறிகன் பாதையில் வண்டித் தொடராக வந்து சேர்ந்தனர். வழியில், வயிலத்பு என்னுமிடத்தில் கயூஸ் மக்களிடையே மார்க்கஸ் விட்மன், நார்சிஸா விட்மன் தம்பதியர் 1836 முதல் நடத்திவந்த மிஷனில், மீக் தம் சிறுமகள் ஹெலன் மாரைக் கல்வி பெறுமாறு விட்டுச்சென்றார். மற்றொரு புகழ்பெற்ற வேட்டைக்காரரான ஜிம் பிறிட்ஜரின் மகளும் அங்கேயே வளர்ந்தாள்.

மீக் குடியேறிய ருவாலற்றின் சமவெளி வில்லாமெற் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி. குடியேற்றவாசிகளின் கண்ணுக்கு அது வளமான வெறுநிலமாகத் தோன்றியது. உண்மையில் அது கலப்பூயா மக்களின் தாயகம். 1830 இலிருந்து சில ஆண்டுகள் கோடைதோறும் பரவிய மலேரியாக் காய்ச்சல் அம்மக்களுட் பெரும்பாலானோரைக் கொன்றிருந்தது. அவர்கள் கிழங்குக்காகவும் வேட்டைக்காகவும் ஆண்டுதோறும் தீமூட்டிப் பேணிவந்த புல்வெளியே உழவுக்கு ஆயத்தமான நிலமாகக் குடியேற்றவாசிக்குக் கிடைத்தது. நோயே அந்நிலத்தை வெறுமையாக்கியது. உழவன் அவ்வெறுமையைத் தன் பேறாகக் கொண்டான்.

இங்கு அரசு எவ்வாறு தோன்றியது என்பது நோக்கத்தக்கது. ஈவிங் யங் எனும் முன்னாள் வேட்டைக்காரர் இப்பள்ளத்தாக்கிற் குடியேறிக் கலிபோர்னியாவிலிருந்து மாட்டு மந்தை கொணர்ந்து செல்வராயிருந்தார். 1841 இல் அவர் மரணசாசனமின்றி இறந்தபோது, அவர்தம் சொத்தைப் பகிர்ந்தளிக்க நீதிமன்றமோ சட்டமோ அங்கிருக்கவில்லை. குடியேற்றவாசிகள் முதன்முதலிற் கூடியது இதன் பொருட்டே. 1843 இன் தொடக்கத்தில் மந்தைகளைத் தாக்கும் ஓநாய்களை ஒழிப்பதற்கெனக் கூட்டங்கள் நடைபெற்றன. அவற்றின் தொடர்ச்சியாக 1843 மே 2 ஆந் திகதி ஷம்பூயெக் என்னுமிடத்தில் அரசாங்கம் ஒன்றை அமைப்பதா என்பது விவாதிக்கப்பட்டது. ஹட்சன் விரிகுடாக் கொம்பனியில் வேட்டைக்காரராயிருந்து ஓய்வுபெற்ற பிரெஞ்சுக் கனேடியரும் அங்கிருந்தனர். அவர்களுட் பலர் இதனை விரும்பவில்லை. குழப்பம் மிகுந்த வேளையில், ஆதரிப்போர் ஒருபுறமாக நிற்குமாறு மீக் உரத்துக் குரல்கொடுத்துக் கூட்டத்தைப் பிரித்தார் என்பதும், 52 பேர் ஆதரித்து 50 பேர் எதிர்த்தனர் என்பதும் மரபுவழிச் செய்தி. சொத்து, மந்தை, நிலவுரிமை ஆகியவற்றின் பாதுகாப்பே ஒறிகன் அரசின் கருவாய் அமைந்தது என்பது இந்நிகழ்ச்சிகளின் வரிசையாற் புலப்படும்.

மீக் அத்தற்காலிக அரசாங்கத்தின் ஷெரிப்பாகத் தெரிவுசெய்யப்பட்டார். 1845 இல் அவர் நடத்திய குடிசனக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 2,100 குடியேற்றவாசிகளைப் பதிவுசெய்தது. பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். அவ்வரசாங்கத்தின் தொடக்கச் சட்டம் வாக்குரிமையை 'வெள்ளையரின் வழித்தோன்றலான' ஆண்களுக்கு வழங்கியது. வேட்டைக்காரரின் கலப்பின மைந்தர் அதனுள் அடங்கினர். சுதேச மக்களும் கறுப்பின மக்களும் அடங்கவில்லை. 1844 இல் கறுப்பினத்தவர் ஒறிகனில் வாழ்வதையே தடைசெய்யும் சட்டமும் இயற்றப்பட்டது. 1846 ஆம் ஆண்டு உடன்படிக்கை 49 ஆம் அகலக்கோட்டை எல்லையாக்கி, ஒறிகனை ஐக்கிய அமெரிக்காவுக்கு உறுதிசெய்தது.

1847 மீக்கின் வாழ்வில் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டில் சின்னமுத்து நோய் கயூஸ் மக்களிடையே பரவி, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரை மாய்த்தது. மருத்துவரான விட்மன் கொடுத்த மருந்தால் வெள்ளையர் பிழைப்பதையும் தம் பிள்ளைகள் இறப்பதையும் கண்ட கயூஸ் மக்கள், அவர் தம்மை நஞ்சூட்டுகின்றார் என ஐயுற்றனர். தோல்வியுறும் மருத்துவன் உயிரால் ஈடுசெய்யவேண்டும் என்பது அவர்தம் வழக்கமுமாகும். வண்டித் தொடர்கள் ஆண்டுதோறும் பெருகியமை நிலத்தைப் பற்றிய அச்சத்தையும் வளர்த்திருந்தது. நவம்பர் 29 ஆந் திகதி தொடங்கிய தாக்குதலில் விட்மன் தம்பதியர் உட்படப் பதின்மூவர் கொல்லப்பட்டனர். சிறைப்பிடிக்கப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் ஹட்சன் விரிகுடாக் கொம்பனியின் சார்பிற் பொருள்கள் கொடுத்து மீட்டவர், முன்பு பீவர்களை அழித்தொழித்த அதே ஒக்டன் ஆவார். ஆனால் பத்து வயதேயான ஹெலன் மார் மீளவில்லை. சிறையிருப்பின்போது சின்னமுத்து நோயால் அவள் இறந்துபோனாள். தாய்வழியில் நெஸ் பேர்ஸ் இனத்தவளான அச்சிறுமி இறந்தது கயூஸ் பிள்ளைகளைக் கொன்ற அதே நோயாலேயே என்பது ஈண்டு கருதத்தக்கது.

தற்காலிக அரசாங்கம் உதவி கோரி மீக்கை வாஷிங்ரனுக்கு அனுப்பியது. 1848 இன் குளிர்காலத்தில் அவர் மலைகளைக் கடந்தார். வயிலத்புவில் விலங்குகள் தோண்டியெறிந்திருந்த உடல்களை மீண்டும் அடக்கம் செய்ய உதவிவிட்டே அவர் மேலும் சென்றார் என அவர் வரலாறு கூறும். மே மாத இறுதியில், வேட்டைக்காரனின் கந்தலுடையோடு தலைநகரை அடைந்தார். ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க்கின் குடும்பத்திற்கு அவர் உறவினருமாவார். அடிமைமுறை பற்றிய சர்ச்சையாற் கொங்கிரசில் முடங்கிக்கிடந்த ஒறிகன் சட்டமூலம் ஓகஸ்ட் 14 ஆந் திகதி சட்டமாயிற்று. மீக் புதிய ஆள்புலத்தின் மார்ஷலாக நியமனம் பெற்று, ஆளுநர் ஜோசப் லேனுடன் திரும்பினார். போல்க்கின் பதவிக்காலம் முடிவுற ஒரு நாளே எஞ்சியிருக்க, 1849 மார்ச் 3 ஆந் திகதி ஒறிகன் ஆள்புலம் பிரகடனம் செய்யப்பட்டது.

மார்ஷல் என்ற வகையில் மீக் செய்த செயல்களுள் மிகவும் நினைவுகூரப்படுவது 1850 ஜூன் 3 ஆந் திகதிக்குரியது. விட்மன் கொலைகளுக்குப் பொறுப்பாளர் எனக் கூறப்பட்ட ஐந்து கயூஸ் மக்கள், தம் இனத்தவர் மீதான போரை நிறுத்தும்பொருட்டுக் கையளிக்கப்பட்டு, ஒறிகன் நகரில் விசாரிக்கப்பட்டிருந்தனர். கொலைகள் நிகழ்ந்தபோது அப்பிரதேசத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் நடைமுறையில் இருக்கவில்லை என்பது எதிர்த்தரப்பு வாதங்களுள் ஒன்று. வான்கூவர் கோட்டையின் முன்னாள் தலைவரான ஜோன் மக்லொக்லின், விட்மனுக்கு நேரக்கூடிய ஆபத்துப் பற்றித் தாம் முன்னரே எச்சரித்ததாகச் சாட்சியமளித்தார். எனினும் ஐவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. அதனை நிறைவேற்றியவர் மீக். மகளை இழந்த தந்தையே தண்டனை நிறைவேற்றும் அதிகாரியாகவும் நின்றார். பழியுணர்வும் சட்டமும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்த அக்கணத்தில் எது எதனை வழிநடத்தியது எனப் பிரித்தறிதல் எளிதன்று.

அதே ஆண்டு செப்டெம்பரில் இயற்றப்பட்ட நிலநன்கொடைச் சட்டம், தனி ஆணுக்கு 320 ஏக்கரும் மணமானோருக்கு 640 ஏக்கரும் வழங்கியது. கலப்பினத்தவரும் இவ்வுரிமையுள் அடக்கப்பட்டனர். ஆனால் நிலத்தின் உரிமையாளரான சுதேச மக்களுடன் எவ்வித உடன்படிக்கையும் நிறைவேறுமுன்னரே அந்நிலம் வழங்கப்பட்டது. கலப்பூயா மக்கள் 1855 இல் உடன்படிக்கையில் ஒப்பமிட்டு, அடுத்த ஆண்டு ஒதுக்கு நிலத்திற்கு அகற்றப்பட்டனர். கயூஸ் மக்களும் 1855 இலேயே தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். அக்காலத்து யக்கிமாப் போரில் மீக் தொண்டர் படையிற் பணியாற்றினார்.

இவ்வரசின் தர்க்கம் மீக்கின் வீட்டு வாயில்வரை வந்தது. 1857 ஆம் ஆண்டு ஒறிகன் மாநில யாப்பு வாக்குரிமையை வெள்ளையருக்கே உரித்தாக்கியது. 1866 ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கு மேற்பட்ட சுதேசக் குருதியுடையோரை வெள்ளையர் மணப்பதைத் தடைசெய்தது. 1951 வரை அது நீக்கப்படவில்லை. மீக்கும் வேர்ஜீனியாவும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்த இல்லறத்தை ஓர் இளந்தம்பதியர் புதிதாகத் தொடங்க முயன்றிருப்பின், மீக் குரல்கொடுத்து உருவாக்கிய அரசே அதனைக் குற்றமாக்கியிருக்கும். மலைநாட்டில் உறவாக இருந்தது சமவெளியில் விலக்காயிற்று.

மீக்கைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி, பிரான்சிஸ் புல்லர் விக்ரர் எனும் எழுத்தாளர் அவரிடமே கேட்டறிந்து 1870 இல் வெளியிட்ட வரலாற்று நூலின் வழி வந்தது. மீக் கதைசொல்வதில் வல்லவர், மிகைப்படுத்தலில் மகிழ்பவர். கரடிகளோடு போரிட்ட சாகசங்கள் அந்நூலில் விரிவாக இடம்பெறுகின்றன. ஆயினும், வேர்ஜீனியாவின் குரலையோ தூக்கிலிடப்பட்ட ஐவரின் குரலையோ அவ்வளவு விரிவாகப் பதிவுசெய்த நூல் எதுவும் அக்காலத்தில் எழவில்லை. சான்றுகளின் இச்சமமின்மையும் எல்லைப்புற வரலாற்றின் ஓர் அம்சமே. கதைசொல்ல எஞ்சியிருப்போன் வென்றவனாயிருக்கும்போது, அவன் கதையின் இடைவெளிகளையும் சேர்த்து வாசிப்பது வரலாற்று மாணவனின் கடமையாகின்றது.

மீக் 1875 இல், தாம் குடியேறிய அதே சமவெளியில் இறந்தார். அவருடைய மனைவியின் இனத்தவரான நெஸ் பேர்ஸ் மக்கள் வெள்ளையரோடு நெடுங்காலம் நட்புறவு பேணியவர்கள். ஆயினும், 1863 ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்தம் ஒதுக்கு நிலத்தைப் பத்திலொன்றாகச் சுருக்கியது. அதனை ஏற்காத பிரிவினர் மீது 1877 இல் ஐக்கிய அமெரிக்க இராணுவம் போர் தொடுத்தது. வேட்டைக்காரரை வாழவைத்த நட்பும் குடியேற்ற அரசை எதிர்த்த பகைமையும் ஈற்றில் ஒரே பயனையே பெற்றன.

தொகுத்து நோக்குமிடத்து, மீக்கைக் கொடியவர் என ஒதுக்குவதோ வீரர் எனப் போற்றுவதோ வரலாற்றிற்குப் பயன்தராது. அவர் துணிவுள்ளவர், பாசமுள்ளவர், தம் குடும்பத்தைக் கைவிடாதவர். ஆயினும் அவர் வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவரினும் பெரிய சக்திகள் தொழிற்பட்டன. தொப்பியின் நாகரிகம் அவரை மலைக்கு அனுப்பியது. அது மாறியபோது சமவெளிக்கு இறக்கியது. நிலத்தின் வேட்கை அவரை அதிகாரியாக்கியது. ரேணர் படிமுறை வளர்ச்சியைக் கண்ட இடத்தில் நாம் காண்பது, பீவரிற் தொடங்கி நிலத்தில் முடிந்த ஒரே கைப்பற்றலையாகும். அதனை நிறைவேற்றிய கரங்கள் மீக்கைப் போன்ற எளிய மனிதரின் கரங்களாயிருந்தமையும், அக்கரங்கள் தாம் அணைத்திருந்தோரையே இறுதியில் எல்லைக்கு வெளியே தள்ளியமையும் எல்லைப்புற வரலாறு நமக்குத் தரும் கசப்பான பாடமாகும்.